நாற்பத்தேழாம் எண் போட்ட மார்க்

"முட்டை வேக எத்தனை நிமிடம் ஆகும்?" என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதிலுக்குப் பத்துக்கு இரண்டு மார்க் வந்திருந்தது. கீழே ஒரு குறிப்பு வேறு: "கேள்வி முட்டையைப் பற்றியது. உங்களைப் பற்றியது அல்ல."

திங்கட்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து வைத்துக்கொண்டு அவர் அந்தக் குறிப்பை நான்கு தரம் படித்தார். பதில் ஒன்றரைப் பக்கம். ஓட்டின் அமைப்பு, தண்ணீர் கொதிக்கும் விதம், மலை மேல் ஏறினால் அது சீக்கிரமே கொதித்துவிடும் விந்தை, கல்லூரி விடுதியில் அவர் முட்டை வேகவைத்தபோது நடந்த விபத்து எல்லாம் அதில் இருந்தன. நிமிடக் கணக்கும் இருந்தது. கடைசி வரியில் இருந்தது. அதுவரை படிக்கப் பொறுமையில்லாத எவனோ மார்க் போட்டிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டினார்.

வீட்டிலும் வெளியிலும் அவருக்கு விளக்கவுரை என்று பெயர். அவரிடம் மணி கேட்டுவிட்டுப் பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள் அந்தத் தெருவிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், வலி வருவதற்கு முந்தின நாள் காலையிலிருந்து ஆரம்பிப்பார். ஆள் நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் மட்டும் கையில் நிற்கமாட்டார்.

இருபது வருடம் அவர் ஒரு வீட்டுச் சாமான் கம்பெனியில் விளக்கக் கையேடு எழுதினார். மேசை மின்விசிறிக்கு அவர் எழுதிய கையேடு அறுபத்து நான்கு பக்கம். அதில் முதல் பதினொரு பக்கம் காற்றைப் பற்றி. ஒரு நாள் கம்பெனிக்காரர்கள் கையேடே வேண்டாம் என்று பெட்டியின் மேல் நாலு படத்தைப் போட்டுவிட்டு, அவரைப் பூச்செண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த வேலை. ஜனங்கள் போனில் எதைத் தட்டிக் கேட்டாலும் பதில் சொல்லும் ஏஐ ஒன்றை ஒரு கம்பெனி வைத்திருந்தது. அந்த மிஷினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்றுக் கொடுக்க ஆட்கள் வேண்டும். முதல் ஆறு மாதம் அவர் மார்க் போடும் பிரிவில் இருந்தார். அங்கே கறாரான ஆள் என்று அவருக்கு ரொம்ப நல்ல பேர். பிறகு பதவி உயர்வு கொடுத்து, மாதிரிப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். இவர் எழுதுவதைப் பார்த்து மிஷின் கற்றுக்கொள்ளும். இவர் எழுதுவது சரியா என்று இன்னொருவர் மார்க் போடுவார்.

யார் மார்க் போடுகிறார்கள் என்று தெரியாது, வெறும் எண்தான். முதல் மூன்று மாதம் பன்னிரண்டாம் எண் போட்டார். அவர் எட்டுக்குக் குறைத்ததே இல்லை, புண்ணியவான். அந்த மூன்று மாதப் பதில்களும் மிஷினுக்குள் போய் ஊறிவிட்டன. அப்புறம் வந்தது நாற்பத்தேழு.

கம்பெனியின் விதி எளிமையானது. தொடர்ந்து நான்கு வாரம் சராசரி ஐந்துக்குக் கீழே போனால் வணக்கம் சொல்லிவிடுவார்கள். விளக்கவுரைக்கு மூன்று வாரம் போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நான்காவது. ஐம்பத்திரண்டு வயதில், விளக்கம் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒருவனை இனி எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான் என்று அவர் ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதை மனைவியிடம் சொல்லி அழவும் வழியில்லை. வேலை என்னவென்று வீட்டில்கூட வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சேர்ந்த அன்று மனைவி என்ன வேலை என்று கேட்டதற்கு "கம்ப்யூட்டர்ல" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வார்த்தையில் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. அன்றைக்கே அந்த அம்மாளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சரி, நீளம்தானே பிரச்சினை என்று அவர் அடுத்த கேள்வியை எடுத்தார். "கம்பளிச் சட்டையை வாஷிங் மிஷினில் துவைக்கலாமா?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு "துவைக்கலாம்" என்று எழுதி அனுப்பினார். எழுதி முடித்தபோது வியர்த்துவிட்டது. ஒரு நிமிடத்தில் மார்க் வந்தது. ஒன்று. குறிப்பு: "சட்டை சுருங்கி, பொம்மைக்குத்தான் ஆகும். சோம்பேறித்தனத்துக்குச் சுருக்கம் என்று பெயர் இல்லை."

ஓகோ, பதிலில் மன ஈரம் பற்றாது போலிருக்கிறது என்று அவர் அடுத்ததில் மனதைக் கரைத்தார். ஒருவருடைய போன் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டதாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். விளக்கவுரை முதல் பத்தியில் வருத்தம் தெரிவித்தார். இரண்டாம் பத்தியில், போனோடு சேர்ந்து போயிருக்கக்கூடிய படங்களை நினைத்துக் கலங்கினார். மூன்றாவதில் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். நான்காவதில் போனை வெளியே எடுக்கச் சொன்னார். மார்க் ஒன்று. "போன் இன்னும் வாளிக்குள்தான் இருக்கிறது. இவர் இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்."

அவ்வளவுதான், விளக்கவுரைக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கம்பெனியின் தளத்தில் புகார் எழுத ஓர் இடம் உண்டு. அங்கே போய் ஏழு பக்கம் எழுதினார். நாற்பத்தேழாம் எண்ணுக்கு மனிதர்களையே பிடிக்காது, சின்ன வயதில் யாரும் தட்டிக் கொடுக்காமல் வளர்ந்த ஆளாக இருக்க வேண்டும், இப்படிப்பட்டவரை உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்பது சாரம். "நானும் ஆறு மாதம் மார்க் போட்டவன்தான். மார்க் போடுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் என்னிடம் அனுப்பவும், சொல்லித் தருகிறேன்" என்று முடித்தார். எழுதியதும் மனசு லேசானது. ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை புதுத் தெம்போடு உட்கார்ந்தார். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பதில் சொல்வதால்தான் தொல்லை, ஆகவே முதலில் கேட்டவரிடமே விவரம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். "வீட்டுக்குள் எறும்பு வராமல் தடுப்பது எப்படி?" என்பது கேள்வி. எந்த எறும்பு, கறுப்பா சிவப்பா, எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வாசல் வழியாக, முதலில் பார்த்தது யார், அப்போது வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று பதினான்கு கேள்வி எழுதி அனுப்பினார். இந்தத் தடவை பூஜ்யம். "புகார் கொடுக்க வந்தவரையே லாக்கப்பில் வைத்துவிட்டார்."

மத்தியானம் மனைவி வேலை முடிந்து வந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் அரை நாள் வேலை அவளுக்கு. அங்கே பயந்து போய் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவள். "உக்காருங்க. வலிக்காது." அவ்வளவுதான் பேசுவாள், வந்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். விளக்கவுரைக்கு அப்போதுதான் தோன்றியது, யோசனை கேட்க வேண்டிய ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாளே என்று.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நினைவிருந்ததால் சுற்றி வளைத்தார். ஒரு ஆள், முன்பின் தெரியாதவர், ஒரு கேள்வி கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்லும் நிலையில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டாவது ஆள் எப்படிச் சொன்னால் முதல் ஆளுக்குத் திருப்தி ஏற்படும் என்று கேட்டு முடிக்க அவருக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்றாள் மனைவி.

"மட்டும்னா?"

"மட்டும்னா மட்டும்தாங்க." சொல்லிவிட்டு, தன் கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

அவர் மேசைக்குத் திரும்பி, குளியலறைக் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்குவது எப்படி என்ற கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினார். உள்ளறையில் விசைப்பலகை படபடத்தது. அது நின்றதும் இவர் திரையில் மார்க் வந்து விழுந்தது. இரண்டு. குறிப்பு: "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும். இவர் வீட்டில் இருப்பவர்கள் பாவம்."

விளக்கவுரை அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை இதே வீட்டில் கேட்டார். இவர் வீட்டில் இருப்பவர்கள் பாவம் என்பது வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? பூனை நடை நடந்து போய் உள்ளறைக் கதவைத் தள்ளினார். மனைவி படக்கென்று கணினியை மூடினாள். என்ன பண்ணுகிறாய் என்று கேட்டார். சும்மா என்றாள். அவள் சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. ஒரு மாதமாகத்தான் அவள் மத்தியானம் கணினியோடு உள்ளே போகிறாள். ஒரு மாதமாகத்தான் நாற்பத்தேழு வந்திருக்கிறது. காலையிலும் மார்க் வருகிறதே என்றால், ஆஸ்பத்திரி மேசையிலும் ஒரு கணினி இருக்கிறது. தன்னைப் போலவே அவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாள், அதனால்தான் மூச்சுவிடவில்லை. இத்தனை வருடம் வாயால் சொல்லாததை எல்லாம் இப்போது மார்க்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதுவது தன் கணவன் என்று தெரியாமலே போடுகிறாளா, தெரிந்துதான் போடுகிறாளா என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எது மோசம் என்பதும் தெரியவில்லை.

அப்போதுதான் நேற்று எழுதிய புகார் ஞாபகம் வந்து அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டின மனைவியை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி ஏழு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அலறியடித்துக்கொண்டு புகார்ப் பக்கத்தைத் திறந்தார். கொடுத்த புகாரைத் திரும்ப வாங்க அங்கே வழி இல்லை. "கூடுதல் விளக்கம் சேர்க்க" என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. உலகத்தில் எந்தப் பொத்தானை விளக்கவுரையின் கண்ணில் காட்டக் கூடாதோ, அந்தப் பொத்தான்.

பதினெட்டுப் பக்கம் சேர்த்தார். நாற்பத்தேழாம் எண் தங்கமானவர், கடமை தவறாதவர், கண்டிப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இளகிய மனம், குடும்பத்தின் நன்மைக்காகவே அப்படிப் பேசுபவர், அவருடைய சமையலில் ஒரு குறை சொல்ல முடியாது என்று எழுதினார். அனுப்பிய பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைக் கவனித்தார். இருபது பக்கத்துக்கு மேற்பட்ட புகார்கள் தாமாகவே மேலிடத்தின் விசாரணைக்குப் போய்விடுமாம்.

இனி ஒரே வழி, நாற்பத்தேழை வீட்டிலேயே குளிர்விப்பது. புதன்கிழமை காலை அவர் எழுந்ததே வேறு மனிதராக எழுந்தார். எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை, தண்ணீரின் குணங்களைப் பற்றி எதுவும் சொல்லாமல், சரி செய்தார். சாவி எங்கே என்று மனைவி கேட்டதற்கு "ஆணியில" என்றார். சாயங்காலம் எங்கேயாவது வெளியே போவீர்களா என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டதற்கு "வீட்டுலதான் இருப்பேன்" என்றார். மறுமுனையில் அவள், பேசுவது யார் என்று கேட்டாள்.

மத்தியானம் மனைவி தனியாக வரவில்லை. கூடவே தங்கையையும் கூட்டி வந்திருந்தாள். தங்கை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வந்ததும் வராததுமாக அத்தானின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"தலை சுத்துதா அத்தான்?"

"இல்ல."

"பசிக்குதா?"

"பசிக்குது."

அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கார்?" என்று தங்கை தணிந்த குரலில் கேட்டாள். காலையிலிருந்து என்றாள் மனைவி, கண் கலங்க.

வீட்டில் நிலைமை இப்படியிருக்க, எழுத்திலும் அவர் நாற்பத்தேழின் மனதைக் குறிவைத்தே எழுதினார். "சமையலறைக் குழாய் சொட்டுகிறது, என்ன செய்யலாம்?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். "தப்பு என்னுடையதுதான். இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது. காலையிலேயே சரி செய்துவிட்டேன், போய்ப் பார்" என்று எழுதினார். மார்க் ஒன்று. "இவர் யாருக்கோ பயப்படுகிறார். நல்ல டாக்டராகப் பார்க்கவும்." அடுத்தது, நான் குண்டாகிவிட்டேனா என்ற கேள்வி. "இல்லவே இல்லை. யார் சொன்னது, உன் தங்கையா?" என்று எழுதினார். மார்க் பூஜ்யம். "கேட்டவருக்குத் தங்கை இருப்பதாக இவருக்கு யார் சொன்னது?"

விளக்கவுரைக்கு ஆத்திரமும் வந்தது, மரியாதையும் வந்தது. வெளியே கண் கலங்குகிறாள், உள்ளே போய்ப் பூஜ்யம் போடுகிறாள். வேலை வேறு வீடு வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்த நேர்மையை இன்னும் எத்தனை பேரிடம் பார்க்க முடியும்? ஆனால் அந்த நேர்மையால் வெள்ளிக்கிழமை வேலை போகப்போவது அவளுடைய கணவனுக்குத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் வரை பொறுத்தார். அன்றைக்கு எழுதிய நான்குக்கும் சேர்த்து ஐந்து மார்க் வந்திருந்தது. இதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை என்று எழுந்து உள்ளறைக்குப் போனார். மனைவி வழக்கம்போலக் கணினியை மூடினாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். "நாப்பத்தேழு நீதானே?"

"எனக்கு நாப்பத்தொம்பது முடிஞ்சிருச்சு. அதுகூட மறந்துபோச்சா?"

"வயசைக் கேக்கல. அந்தக் கம்ப்யூட்டரைத் திற."

திறக்கமாட்டேன் என்றாள். ஏன் என்றார். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றாள். இனிமேல் வருத்தப்படுவதற்குத் தன்னிடம் எதுவும் மிச்சமில்லை என்று அவர் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, அவள் மெல்லத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

மார்க் போடும் பக்கம் இல்லை. அது ஜனங்கள் கேள்வி கேட்கும் பக்கம், அவருடைய கம்பெனியின் ஏஐதான். அதில் அவள் தட்டியிருந்தாள்: "என் கணவர் ஒரு மாசமா ஏதோ கவலையில இருக்கார். என்னன்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுறார், கவலையை மட்டும் சொல்ல மாட்டேங்கிறார். எப்படிக் கேட்டா சொல்லுவார்?"

கீழே மிஷினின் பதில்: "நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்வதற்கு முன், கவலை என்றால் என்ன என்று பார்ப்போம். கவலை ஐந்து வகைப்படும்."

விளக்கவுரை அந்த வரியைப் பார்த்தபடியே நின்றார். கவலை ஐந்து வகைப்படும் என்பது அவர் எழுதியது. பன்னிரண்டாம் எண் ஒன்பது மார்க் போட்டுப் பாராட்டியது. அதற்குக் கீழே இன்னும் மூன்று பக்கம் போனது. ஒரு மாதமாக அவள் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மிஷின் அவருடைய குரலிலேயே விளக்கம் சொல்லியிருக்கிறது.

"இதுவும் உங்கள மாதிரியே பேசுதுங்க" என்றாள் மனைவி. "நீங்கதான் சொல்ல மாட்டேங்கிறீங்க, இதையாவது கேப்போம்னு வந்தா, இதுவும் அப்படியே. இதுக்கு எவன் சொல்லிக் குடுத்தானோ, அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அவள் மேல் இவ்வளவு சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. தன்னிடம் கிடைக்காத பதிலை ஒரு மிஷினிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாளே என்று வருத்தமாகவும் இருந்தது.

"வேலை போயிடும் போல இருக்கு" என்றார். "நாளைக்குத் தெரிஞ்சிடும்."

அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. அவள் இன்னும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவ்வளவுதானா? நான் ஏதோ வியாதின்னு நெனச்சு ஒரு மாசமாச் சரியாவே தூங்கல. போனாப் போகுது. பாத்துக்கலாம்."

அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு ஒரு மாதத்துக்கப்புறம் சரியாக மூச்சு வந்தது. கூடவே கோபமும் திரும்பி வந்தது. இவள் இல்லை என்றால் நாற்பத்தேழு என்பவன் யாரோ ஒரு அந்நியன். அந்த அந்நியனுக்காகப் பயந்து குழாய் ரிப்பேர் செய்து, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, அவன் சமையலைப் புகழ்ந்து மேலிடத்துக்கு எழுதியும் கொடுத்திருக்கிறார். மேசைக்குப் போய்க் கூடுதல் விளக்கப் பொத்தானை அழுத்தினார். நடுவில் எழுதிய பதினெட்டுப் பக்கத்தையும் தள்ளிவிடவும், முதல் ஏழு பக்கமே உண்மை, நாற்பத்தேழை நீக்கியே ஆக வேண்டும், போவதற்கு முன் அந்த ஆளை நான் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அது ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மேற்பார்வையாளரின் அறை கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. இடப் பற்றாக்குறையால் அந்த அறைக்குள்ளேயே ஒரு மூலையில் இன்னொரு மேசை போட்டு, மார்க் போடும் பிரிவின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் இவரைவிட இருபது வயது சின்னவர், எதையும் நேராகச் சொல்லக் கூச்சப்படுபவர். மேசையில் இவருடைய புகார் அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது. இருபத்தாறு பக்கத்தையும் மேலிடத்தில் முழுசாகப் படித்தார்கள் என்றார். முழுசாகவா என்று விளக்கவுரை கேட்டார். இருபது வருடத்தில் அவர் எழுதிய எதையும் எவரும் முழுசாகப் படித்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"நீங்க சொன்னது சரிதான் சார்" என்றார் மேற்பார்வையாளர். "எடுத்துப் பார்த்தோம். நாப்பத்தேழு கிட்ட மார்க் வாங்கின முப்பது பேர்ல ஒருத்தர்கூட நாலைத் தாண்டல. அதனால நாப்பத்தேழை இன்னையோட நிறுத்தியாச்சு. போட்ட மார்க் எதுவும் செல்லாது. நீங்க வேலையில இருக்கீங்க. என்ன, பதிலைக் கொஞ்சம் சின்னதா எழுதுங்க, அது போதும்."

விளக்கவுரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது பேர். முப்பது குடும்பத்தை ஒருவன் இப்படி வாட்டியிருக்கிறான். தன் ஒருவனுடைய புகாரால் முப்பது பேருக்கும் விடிவு வந்திருக்கிறது. அந்த நிமிடமே எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கி மனைவிக்குப் போன் செய்திருந்தால் அவருடைய வாழ்நாளிலேயே சிறந்த வெள்ளிக்கிழமையாக அது இருந்திருக்கும். ஆனால் அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் சார், விட்டுவிடுங்கள் என்றார் மேற்பார்வையாளர். கோபத்தில் கேட்கவில்லை, புத்தி சொல்லத்தான் என்றார் விளக்கவுரை. பிறகு அந்தப் புத்தியை அங்கேயே சொல்ல ஆரம்பித்தார். அடுத்தவன் எழுதியதைப் பார்த்து முகம் சுளிப்பதை அறிவு என்று நினைக்கிற ஜாதி உண்டு, அவர்களுக்குத் தாங்கள் பேசுவது மட்டும் அமிர்தமாக இருக்கும், அவர்களிடம் ஒரு நாள் மாட்டினால்தான் அந்தக் கஷ்டம் தெரியும், இப்படி ஒரு ஆளை மார்க் போடும் நாற்காலியில் உட்காரவைத்தது யார் குற்றம், எந்த அடிப்படையில் எடுத்தீர்கள் என்று கால் மணி நேரம் பேசினார். மேற்பார்வையாளர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"பேரு வேண்டாம்" என்றார் விளக்கவுரை கடைசியாக. "எப்படிப்பட்ட ஆளுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரே வரியில சொன்னாப் போதும்."

மேற்பார்வையாளர் திரும்பி மூலை மேசையைப் பார்த்தார். இன்ஜினியர் பெண் காதிலிருந்த கருவியைக் கழற்றினாள்.

"ஆளே இல்ல சார், நீங்க ஆறு மாசம் போட்ட மார்க்கை எல்லாம் படிச்சு, உங்கள மாதிரியே மார்க் போடக் கத்துக்கிட்ட மிஷின்தான் நாப்பத்தேழு."